லேப்டாப்பில் கை வைக்கும் முன் கணக்கைப் பத்திரப்படுத்துங்கள்!



சமீப காலமாக என் மண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் மளிகைக் கடைக்காரர்கள், துவரம் பருப்பு விலையோடு இன்னொன்றையும் சேர்த்து விசாரிக்கிறார்கள். "அண்ணாச்சி, கடை லேப்டாப்பில் விண்டோஸ் 10 காலம் முடிந்தது என்று எழுதி வருகிறதே, புதிதாக வாங்குவதா, இருப்பதையே புதுப்பிப்பதா?" என்பது அந்தக் கேள்வி. நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டியில் உட்கார்ந்தவன். ஆனால் நாள்வழியும் பேரேடும் கையால் எழுதிய காலத்திலிருந்து இன்று ஜி.எஸ்.டி. பில் போடும் காலம் வரை கணக்கோடு பழகியவன். அந்த முறையில் இதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை நம்மவர்கள் முன் வைப்பது கடமை என்று கருதுகிறேன்.

லேப்டாப்பைத் தயார் செய்வது இரண்டாவது வேலை. கணக்கைத் தயார் செய்வதுதான் முதல் வேலை. இந்த வரிசை மாறுகிற கடைகளில்தான் நஷ்டம் வருகிறது. இதுவே நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதன் விளக்கமே.

முடிந்தது எது?

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-ஐ 2015 ஜூலை 29 அன்று வெளியிட்டது. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. இதற்கு முன் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும் இதே போல நிறுத்தினார்கள். ஆகவே இது புதிய வழக்கம் அல்ல. நாள் குறித்து முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள்.

அன்றோடு லேப்டாப் ஓடாமல் நின்றுவிடாது. பில் போடலாம், பிரிண்ட் எடுக்கலாம், ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். நம் பாஷையில் சொல்வதானால், கிட்டங்கி இருக்கிறது, கதவு இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. இரவுக் காவலாளி மட்டும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். திருடன் புதிதாக ஒரு கள்ளச்சாவி செய்தால், பூட்டை மாற்றித் தர இனி ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது சிறிய விஷயம் அல்ல.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது நினைவிருக்கும். கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கட்டு என்று கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளே வந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்; போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். திருத்தமே வராத கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைத்து வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மூன்று தவறான வழிகள்

நம்மவர்கள் இந்த விஷயத்தில் மூன்று விதமாக நடந்துகொள்கிறார்கள். முதல் வகையினர், "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் வகையினர், விற்பனைக்காரர் சொன்ன மாத்திரத்தில் பயந்து, நல்ல லேப்டாப்பைப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள். மூன்றாம் வகையினர், தெருமுனைக் கடைப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, நீயே பார்த்துப் போட்டுக் கொடு" என்று லேப்டாப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மூவரில் அதிக ஆபத்தில் இருப்பவர் மூன்றாமவர் என்பேன்.

பக்கத்து ஊரில் எனக்கு நெடுநாள் வாடிக்கையான ஒரு மளிகைக் கடைக்காரர் உண்டு. அவருடைய லேப்டாப்பை ஒரு பையன் புதுப்பித்துக் கொடுத்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முழுவதையும் அழித்துவிட்டுப் போட்டிருந்தார். கணக்கு சி டிரைவில் இருந்தது என்பதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, பையனும் கேட்கவில்லை. கடைசியாகப் பிரதி எடுத்தது நான்கு மாதத்துக்கு முன்பு. கொள்முதல் கணக்கை மீட்டுவிட்டோம். எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகள் பில் பிரதி கொடுத்தோம், ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி பட்டியலும் இருந்தது. ஆனால் தெருக்காரர்களுக்கும் டீக்கடைகளுக்கும் கொடுத்த கடன் பாக்கி? அது வேறு எங்கும் இல்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்று வாடிக்கையாளரிடமே போய்க் கேட்க வேண்டியதாயிற்று. நல்லவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுத முடிந்தது.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். எழுதிய கணக்கு அழிந்தாலும் அதே கதிதான்.

கணக்கை வைத்திருப்பது சட்டக் கடமை

இது நம் சொந்த நஷ்டத்தோடு முடிவதும் அல்ல. 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்குரிய வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். உதாரணமாக 2024-25 ஆண்டுக்கு அந்தக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டுக் கணக்கை 2031 டிசம்பர் முடியும் வரை நாம் காட்டக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும். அப்பீல், வழக்கு என்று ஏதாவது நடந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டும்.

அதோடு, கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ஆவது விதி தனியாக இருக்கிறது. விபத்தினாலோ இயற்கைக் காரணத்தாலோ பதிவுகள் அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும் வகையில் முறையான பிரதி வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. "பையன் அழித்துவிட்டார்" என்பது அதிகாரியிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல. பிரதி எடுப்பது நம் சௌகரியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நம் கடமை.

முதல் வேலை: கணக்கைத் தயார் செய்தல்

ஒரு நாள் ஒதுக்கி, லேப்டாப்புக்கு முன் உட்கார்ந்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இருப்புக் கணக்கு எடுப்பது போலத்தான். பில் போடும் சாப்ட்வேர், அதன் கணக்கு எந்த டிரைவில் எந்த போல்டரில் இருக்கிறது, எக்ஸெல் விலைப்பட்டியல், வாடிக்கையாளர் போன் நம்பர், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பிரதிகள், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். பாஸ்வேர்டு விரல் நுனியில் இருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் அது பிரவுசரின் ஞாபகத்தில்தான் இருக்கும். அது அழிந்த பிறகுதான் நமக்குத் தெரியாதென்று தெரியும்.

அடுத்து, பிரதி எடுங்கள். லேப்டாப்பில் ஒன்று, வெளியே இரண்டு என்று மொத்தம் மூன்று இடத்தில் கணக்கு இருக்க வேண்டும். வெளியே உள்ள இரண்டில் ஒன்று ஹார்ட் டிஸ்கிலும் மற்றது பென் டிரைவிலோ இன்டர்நெட் சேமிப்பிலோ இருக்கலாம். அவற்றில் ஒன்று கடையில் இருக்கக் கூடாது. வீட்டில் இருக்கட்டும். கடையில் தீப்பிடித்தாலும் மழைத் தண்ணீர் புகுந்தாலும் இரண்டும் சேர்ந்து போகக் கூடாது.

இதற்குப் பிறகு உள்ள ஒரு வேலையைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. எடுத்த பிரதியை மகனுடைய கம்ப்யூட்டரிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ போட்டுத் திறந்து பாருங்கள். நேற்றைய கடைசி பில் இருக்கிறதா? கடன் பாக்கி மொத்தம் சரியாக வருகிறதா? மார்ச் 31 இருப்பு சரியா? மூன்றும் ஒத்துப்போனால்தான் அது பிரதி. திறந்து பார்க்காத பிரதி, எடை போடாமல் இறக்கிய மூட்டைக்குச் சமம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இதற்கும் பொருந்தும்.

இத்துடன் கடன் பாக்கிப் பட்டியலையும் இருப்புப் பட்டியலையும் தாளில் பிரிண்ட் எடுத்துக் கல்லாவில் வையுங்கள். நான்கைந்து தாள்தான் ஆகும். எந்த இயந்திரம் போனாலும் அந்தத் தாள் மறுநாள் கடையைத் திறக்க வைக்கும்.

இரண்டாவது வேலை: லேப்டாப் தாங்குமா என்று பார்த்தல்

விண்டோஸ் 11 எல்லா லேப்டாப்பிலும் ஏறாது. குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், 'செக்யூர் பூட்' வசதி, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு, அங்கீகரித்த பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை வேண்டும். பிராசஸர் விஷயம்தான் பலரையும் தடுக்கிறது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறார்கள். உங்கள் லேப்டாப்பில் ஐ5-8250 என்று இருந்தால் சிறுகோட்டுக்குப் பின் வரும் 8 என்பது எட்டாம் தலைமுறை. ஐ5-7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை. ஏ.எம்.டி. என்றாலும் அங்கீகரித்த பட்டியலில் இருந்தால்தான் ஏற்கும். மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் 'பி.சி. ஹெல்த் செக்' என்ற சிறு புரோகிராமை ஓட்டினால், ஏறுமா ஏறாதா, ஏறாவிட்டால் எதனால் என்று அதுவே சொல்லிவிடும். விற்பனைக்காரரைக் கேட்கும் முன் அதைக் கேளுங்கள்.

டி.பி.எம். இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல லேப்டாப்புகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கும். பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் அணைத்து வைத்திருப்பார்கள். விவரம் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் இயக்கிவிடுவார். ஆனால் பயாஸில் கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. சில லேப்டாப்புகளில் டிஸ்க் முழுவதும் 'பிட்லாக்கர்' என்ற பூட்டுக்குள் இருக்கும். பயாஸில் மாற்றம் செய்தால் அது 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண்ணை முன்பே எடுத்துத் தாளில் எழுதி வைக்காவிட்டால், நம் கணக்கு நமக்கே திறக்காது.

4 ஜி.பி. ராம் போதும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறைக்குப் போதாது. பில் சாப்ட்வேர், பிரவுசர், ஈ-வே பில் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் லேப்டாப் திணறும். 8 ஜி.பி. ஆக்குவது நல்லது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய டிஸ்கைத் தூக்கி எறியாமல் தேதி எழுதி வீட்டில் வையுங்கள். அதுவே ஒரு முழுப் பிரதி. காற்றுத் துவாரத்தில் அடைத்திருக்கும் மிளகாய்த்தூசியையும் மாவுத்தூசியையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி பத்து நிமிடம் கூடத் தாங்காது என்றால் அதையும் முதலில் மாற்றுங்கள். புதுப்பிக்கும் வேலை பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால், உள்ளதும் கெட்டுவிடும்.

கூட இருக்கும் சாமான்களை மறக்காதீர்கள்

லேப்டாப் ஏற்றுக்கொண்டாலும் அதோடு இணைந்தவை ஏற்றுக்கொள்ள வேண்டும். இதில்தான் மளிகைக் கடைக்காரருக்குத் தனிப்பட்ட சிரமங்கள் இருக்கின்றன.

இன்னும் சில மண்டிகளில் 1990-களில் எழுதிக் கொடுத்த டாஸ் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாக்ஸ்புரோவில் எழுதியவை அவை. 32-பிட் விண்டோஸ் 10 வரை அவை ஓடின. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. ஆகவே அந்தப் பழைய டாஸ் புரோகிராம்கள் அதில் நேரடியாக ஓடாது. இப்படிப்பட்ட கணக்கு உள்ளவர்கள், புதிய சாப்ட்வேருக்குக் கணக்கை மாற்றி ஒப்பிட்டுப் பார்க்காமல் லேப்டாப்பில் கை வைக்கவே கூடாது.

எடை இயந்திரத்தை லேப்டாப்போடு இணைக்கும் சீரியல் கேபிளையும் பாருங்கள். சில பழைய கேபிள்களில் உள்ள சிப்புக்கு விண்டோஸ் 11-இல் டிரைவர் இல்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றின் டிரைவர்களை முன்பே இறக்கி பென் டிரைவில் வையுங்கள். தமிழில் பில் போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய பில் சாப்ட்வேர்கள் யூனிகோடு அல்லாத தனி எழுத்துருவில் ஓடுகின்றன. அந்த எழுத்துருக் கோப்பைப் பிரதி எடுக்காவிட்டால், துவரம் பருப்பு என்பது திரையில் ஏதோ ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

டாலி போன்ற சாப்ட்வேர் வைத்திருப்பவர்கள், லேப்டாப்பை முழுவதும் அழித்துப் போடுவதாக இருந்தால், முதலில் லைசென்ஸை 'சரண்டர்' செய்துகொள்ள வேண்டும். இன்னொரு முக்கியமான விஷயம்: விண்டோஸையும் பில் சாப்ட்வேரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். புதிய பதிப்புக்கு மாற்றிய கணக்கு பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். இரண்டும் ஒன்றாக மாறினால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது, பின்னால் திரும்பவும் முடியாது.

எந்த நாளில் செய்வது?

மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதி 3பி. இவற்றை ஒட்டிய நாட்களில் செய்யக் கூடாது. மாத முதல் வாரம் மளிகைக்கு வியாபார நாட்கள், அப்போதும் கூடாது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் நினைக்கவே வேண்டாம். 3பி தாக்கல் முடிந்த பிறகு வரும் வார விடுமுறை நாள் உத்தமம். காலையில் ஆரம்பித்தால் மாலைக்குள் முடியும். மறுநாள் ஒரு பில் போட்டுப் பார்த்துவிட்டுக் கடை திறக்கலாம்.

அன்று அவசரத்துக்குக் கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்று தயாராக இருக்கட்டும். அதற்குத் தனி வரிசை எண் கொடுங்கள். பில்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள ஜி.எஸ்.டி. விதி 46 இடம் தருகிறது. பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்.

வேலை செய்பவரிடம் முன்பே தெளிவாகக் கேளுங்கள்: "இருப்பதை வைத்துக்கொண்டு மேலே போடுகிறாயா, அழித்துவிட்டுப் போடுகிறாயா?" முதல் முறையில் சாப்ட்வேர்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும், சரிப்படாவிட்டால் பத்து நாட்களுக்குள் விண்டோஸ் 10-க்கே திரும்பிக்கொள்ளும் வசதியும் உண்டு. இரண்டாவது முறையில் திரும்பும் வழி கிடையாது. முறையான விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு, லேப்டாப் தகுதியானதாக இருந்தால், விண்டோஸ் 11 இலவசம். யாராவது அதற்குத் தனி விலை கேட்டால் எதற்கு என்று விசாரியுங்கள். கள்ளப் பதிப்பைப் போட்டுத் தருகிறேன் என்பவரைக் கடைக்குள் விட வேண்டாம். பூட்டு மாற்ற வந்தவரே ஒரு சாவியை வைத்துக்கொண்டு போவதற்கு அது சமம்.

ஏறாத லேப்டாப்பை என்ன செய்வது?

ஏறவில்லை என்றால் குப்பை என்று அர்த்தம் அல்ல. விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களைத் தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதன் கணக்கில் பதிவு செய்து செட்டிங்குகளைச் சேமித்தால் இலவசம், இல்லையேல் 30 டாலர் என்பது அந்தத் திட்டம். நிறுவனங்களுக்கு வருடாந்தரக் கட்டணத்தில் மூன்று ஆண்டுகள் வரை தனித் திட்டம் வைத்தார்கள். இவை தவணை வாங்குவது போன்றவை. கடன் தீர்ந்ததாக நினைத்துவிடக் கூடாது.

தகுதியில்லாத லேப்டாப்பில் தந்திரமாக விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்பவர்களும் உண்டு. ஏறும், ஆனால் தொடர்ந்து திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தரவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் வேண்டுமானால் பரீட்சை செய்யலாம். கல்லாவில் வேண்டாம்.

எனக்குச் சரியாகப் படுவது வேறு. பழைய லேப்டாப்பின் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, பழைய ஆண்டுக் கணக்குகளைப் பார்க்கும் ஏடாக வைத்துக்கொள்ளுங்கள். 72 மாதக் கணக்குக்கு அது நல்ல பெட்டி. அல்லது லினக்ஸ் போட்டு, விலைப்பட்டியல் அடிக்கவும் கடிதம் எழுதவும் வைத்துக்கொள்ளலாம். நம் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்கும். ஆனால் உங்கள் பில் சாப்ட்வேர் அதில் ஓடுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மாற வேண்டும். எதுவும் சரிப்படாமல் விற்பதானால், டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்றுவிடுங்கள். உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை இன்னொருவருக்கு இனாமாகக் கொடுக்கத் தேவையில்லை.

நியாயமான மனக்குறை

"நன்றாக ஓடுகிற லேப்டாப்பை எங்கோ இருக்கும் கம்பெனி செல்லாது என்று சொன்னால் நாம் ஏன் கேட்க வேண்டும்?" என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஏழாம் தலைமுறை லேப்டாப் ஒன்று மளிகைக் கடைக்கு இன்னும் ஐந்து வருடம் உழைக்கும். அதை ஒரு பட்டியலைக் காட்டி ஒதுக்குவது சிறு வியாபாரிக்குச் சுமைதான். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறி, ஒவ்வொரு சரக்குக்கும் வரி மாற்றி எழுதிக் களைத்துப் போன நான்காவது வாரத்தில் இதுவும் வந்து சேர்ந்தது.

ஆனால் கோபம் வேறு, கணக்கு வேறு. பேரேட்டுக் காலத்தில் கரையான் வருமென்று தெரிந்து வேப்பிலை போட்டு வைத்தோம். கரையானிடம் யாரும் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

தனித்தனியாக நின்றால் நாம் பயந்துபோன வாடிக்கையாளர்கள். சேர்ந்து நின்றால் நாம் ஒரு சந்தை. ஆகவே நமது சங்கம் இதில் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, கிளைதோறும் ஒரு நாள் ஏற்பாடு செய்து, உறுப்பினர்கள் லேப்டாப்பைக் கொண்டுவந்து தகுதி பார்க்கவும் பிரதி எடுத்துச் சோதிக்கவும் உதவ வேண்டும். இரண்டு, நம்பகமான பணியாளர்களோடு பேசிப் பொதுவான கூலி நிர்ணயிக்க வேண்டும். செய்த வேலையை எழுத்தில் கொடுப்பது அதில் ஒரு நிபந்தனையாக இருக்கட்டும். மூன்று, நமக்கு பில் சாப்ட்வேர் விற்றவர்களிடம், எந்த விண்டோஸில் எவ்வளவு காலம் ஓடும் என்று சங்கத்தின் பேரில் எழுதிக் கேட்டு, வரும் பதிலை இந்த இதழில் பிரசுரிக்க வேண்டும்.

இறுதியாக உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரை மகன் பார்த்துக்கொள்ளலாம், மருமகள் பார்த்துக்கொள்ளலாம், கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது, எந்தத் தேதி வரை இருக்கிறது, யார் திறந்து பார்த்தார்கள் என்ற மூன்றும் உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தவர் இந்த வாரமே லேப்டாப்பைப் புதுப்பிக்கலாம். சொல்ல முடியாதவர் இன்று கடை அடைத்ததும் பிரதி எடுக்கும் வேலையை ஆரம்பிக்கட்டும். விண்டோஸ் அடுத்த மாதம் வரை காத்திருக்கும்.